பல கோர்களுக்கு வேலையைப் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) சிமுலேஷன் ஓட்டும் தமிழ் மாணவர்களும், எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் டேட்டா வேலை பார்ப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்புவதற்குப் பதில், கேட்டவர் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் 4 கேள்விகளை வரிசையாகப் படித்துவிடுங்கள். பின்னால் வருபவை அவற்றைத் தொட்டே பேசுகின்றன.

லோட் பேலன்ஸிங்னா என்ஜின்எக்ஸ் வெச்சு சர்வர்களுக்கு ரிக்வெஸ்ட்டைப் பிரிச்சு விடறதுதானே?

பெயர் ஒன்று, கணக்கு வேறு. வெப் சர்வரில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் தனி. ஒன்று தாமதமானால் அதை அனுப்பியவர் மட்டும் காத்திருப்பார், மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. இணைக் கணிப்பில் ஒரே கணக்கைத் துண்டு போட்டுப் பல கோர்களுக்கு (செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகுகளுக்கு) கொடுக்கிறோம். எல்லாத் துண்டும் முடிந்தால்தான் அடுத்த கட்டம் தொடங்கும். கல்யாணப் பந்தி மாதிரி: கடைசி ஆள் கை கழுவப் போனால்தான் அடுத்த பந்திக்கு இலை விழும். ஆகவே இங்கே சராசரி நேரத்துக்கு மதிப்பில்லை. கடைசியாக முடிக்கும் கோரின் நேரம்தான் மொத்த நேரம்.

4 கோர் போட்டா 4 மடங்கு வேகம் வரணும்ல? எனக்கு 2.3 மடங்குதான் வருது. லூப்பைச் சமமாத்தான் பிரிச்சிருக்கேன்.

எண்ணிக்கையைச் சமமாகப் பிரித்திருக்கிறீர்கள், வேலையைப் பிரிக்கவில்லை. 2.3 என்ற எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது: உங்கள் லூப் முக்கோண லூப்பாக இருக்க வேண்டும். வெளி லூப் 1 முதல் 1000 வரை, உள் லூப் வெளி எண் வரைக்கும். தொலைவு அணி, கோவேரியன்ஸ், துகள் ஜோடிகள் எல்லாமே இந்த வடிவம்தான்.

இதை வெளி லூப்பின் 250 சுற்று (வரிசை) வீதம் 4 த்ரெட்டுக்கு (கோருக்கு ஒன்றாக ஓடும் நிரல் இழை) கொடுத்தால், மொத்த வேலையில் முதல் த்ரெட்டுக்கு 16இல் 1 பங்கு, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 5, நான்காவதற்கு 7 பங்கு போகிறது. 16ஐ 7ஆல் வகுத்தால் 2.29. அதற்கு மேல் வேகம் வர வழியே இல்லை. வரிசைகளைச் சீட்டுப் போடுவது போல ஆளுக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தால் (1, 5, 9... ஒருவருக்கு, 2, 6, 10... அடுத்தவருக்கு) அதிகச் சுமை வாங்கும் த்ரெட்டும் சராசரியைவிட 0.3% மட்டுமே கூடுதலாகச் செய்யும். ஓப்பன்எம்பியில் (லூப்களை த்ரெட்களுக்குப் பிரித்துத் தரும் முறை) ஷெட்யூலை ஸ்டேட்டிக் (ஓடும் முன்பே பங்கு பிரிப்பது) என்றும் சங்க் (ஒரு முறைக்குக் கொடுக்கும் சுற்றுகள்) அளவை 1 என்றும் கொடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சங்க் 1 வைத்தால் பக்கத்துப் பக்கத்து விடைகளை வெவ்வேறு கோர்கள் எழுதும். கேச் வரி (கோர் மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டு) 64 பைட், அதாவது 8 டபுள் எண்கள். உள் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் விடை அணியில் நேரடியாகக் கூட்டிக்கொண்டிருந்தால் அந்த வரி கோருக்குக் கோர் பந்தாடப்படும். கூட்டலை உள் மாறியில் வைத்து, முடிவில் ஒரே ஒரு முறை அணியில் எழுதுங்கள். அல்லது சங்க்கை 8 ஆக்குங்கள்.

சமமா இல்லைங்கறதை எப்படி அளக்கறது? கண்ணால பார்த்துச் சொல்ல முடியலை.

ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்கை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று எடுங்கள். அதில் அதிகபட்சத்தைச் சராசரியால் வகுத்து 1ஐக் கழித்தால் அதுதான் சமமின்மை. மேலே சொன்ன முக்கோணத்தில் இது 75%. 5%க்குக் கீழே இருந்தால் விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். 20%ஐத் தாண்டினால் உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

ஓப்பன்எம்பியில் பலரும் இங்கே வழுக்குகிறார்கள். லூப்பின் முடிவில் தானாகவே ஒரு பேரியர் (எல்லா த்ரெட்டும் வந்து சேரும்வரை நிறுத்தி வைக்கும் இடம்) இருக்கிறது. அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்தால் எல்லா த்ரெட்டும் ஒரே நேரத்தைக் காட்டும், "எல்லாம் சமம்" என்று தோன்றும். லூப்புக்கு நோவெயிட் (காத்திருக்காதே என்ற குறிப்பு) கொடுத்து, வெளியே வந்த உடனே ஒவ்வொரு த்ரெட்டும் தன் நேரத்தைக் குறிக்க வேண்டும். கையால் செய்ய விருப்பமில்லை என்றால் விடியூன், ஸ்கோர்-பி, எச்பிசிடூல்கிட் போன்ற கருவிகள் இதையே படமாகக் காட்டும்.

கோர் எண்ணிக்கை கூடக்கூட இந்த எண்ணுக்கு விலையும் கூடும். ஐஐஎஸ்சியில் 2015இல் வந்த சஹஸ்ரடி சூப்பர்கம்ப்யூட்டர், 33,024 கோர் கொண்ட கிரே எக்ஸ்சி40. அவ்வளவு பெரிய ஓட்டத்தில் ஒரே ஒரு கோர் சராசரியைவிட 10% பின்தங்கினால், ஏறக்குறைய 3,000 கோர்கள் சும்மா நின்றதற்குச் சமம்.

ஆனா டாப் கமாண்ட்ல எல்லா கோரும் 100% காட்டுதே?

காட்டும். காத்திருக்கும் த்ரெட் தூங்குவதில்லை, "முடிந்ததா, முடிந்ததா" என்று ஒரு லூப்பில் கேட்டுக்கொண்டே சுற்றுகிறது. பெரும்பாலான எம்பிஐ (தனித்தனிப் புராசஸ்கள் செய்தி அனுப்பிப் பேசும் முறை) நூலகங்களும் செய்தி வரும்வரை இப்படித்தான் சுற்றும். சுற்றுவதையும் உழைப்பதையும் டாப் பிரித்துப் பார்க்காது. ஓப்பன்எம்பியில் வெயிட் பாலிசி என்ற சூழல் மாறியைப் பேஸிவ் ஆக்கி ஒரு முறை ஓட்டினால் சும்மா இருக்கும் கோர்களின் சதவீதம் இறங்குவதைப் பார்க்கலாம். பார்த்த பிறகு பழையபடி மாற்றிவிடுங்கள். தூங்கி எழும் செலவு சிறு லூப்களைப் பாதிக்கும்.

ஸ்டேட்டிக், டைனமிக், கைடட்னு மூணு இருக்கு. எதைப் போடணும்?

எல்லாச் சுற்றும் ஒரே நேரம் எடுக்கும் என்றால் ஸ்டேட்டிக். நேரம் மாறும், ஆனால் எப்படி மாறும் என்று தெரியும் என்றால் அப்போதும் ஸ்டேட்டிக்தான், முக்கோணத்துக்குச் செய்தது போல வரிசையை மாற்றி. எந்தச் சுற்று இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லவே முடியாதபோதுதான் டைனமிக் (கை காலியான த்ரெட் அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளும்): மாண்டல்பிராட் படம், ஒவ்வொரு புள்ளிக்கும் வெவ்வேறு எண்ணிக்கையில் சுழலும் சமன்பாட்டுத் தீர்வு, கிராஃபில் தேடல்.

கைடட் இரண்டுக்கும் நடுவில் இருப்பது. மிச்சமிருக்கும் சுற்றுகளைத் த்ரெட் எண்ணிக்கையால் வகுத்து, அந்த அளவுக்கு ஒரு துண்டைத் தூக்கிக் கொடுக்கும். துண்டுகள் போகப்போகச் சிறிதாகும். இதைக் கேட்டதும் "புத்திசாலித்தனமாக இருக்கிறதே" என்று எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். கனமான சுற்றுகள் முதலில் வந்தால் இது கவிழ்ந்துவிடும். அதே முக்கோணத்தை 1000இலிருந்து 1க்கு இறங்கும்படி எழுதியிருந்தால், ஜிசிசி கம்பைலரில் கைடட் கொடுக்கும் முதல் துண்டு 250 வரிசை. அதுதான் 16இல் 7 பங்கு. ஆக, ஸ்டேட்டிக்கில் வந்த அதே 2.29. லூப்பைத் திருப்பி ஏறுமுகமாக எழுதினாலே சரியாகிவிடும். கைடட் வேண்டுமென்றால் கனத்தைக் கடைசியில் வையுங்கள்.

எது என்று முடிவு செய்ய முடியவில்லை என்றால் கோடில் ஷெட்யூலை ரன்டைம் என்று எழுதிவிட்டு, ஓட்டும்போது சூழல் மாறியில் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கம்பைல் செய்ய வேண்டாம்.

பேசாம எல்லாத்துக்கும் டைனமிக் போட்டுட்டா என்ன அண்ணா?

போடலாம், சில நேரம் ஒரே கோரில் ஓடுவதைவிட மெதுவாகக் கூடப் போகும். டைனமிக்கில் சங்க் சொல்லாவிட்டால் 1 என்று அர்த்தம். 10 லட்சம் சுற்று, ஒவ்வொன்றும் 200 நானோநொடி, 16 த்ரெட் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேலை 0.2 நொடி, 16ஆல் வகுத்தால் 12.5 மில்லிநொடி. ஆனால் 10 லட்சம் முறை எல்லா த்ரெட்டும், அடுத்த சுற்று எது என்று காட்டும் ஒரே கவுன்ட்டரை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு முறைக்கு 100 நானோநொடி ஆனாலே, அது வரிசையாக நடப்பதால், 100 மில்லிநொடி அங்கேயே போய்விடும். சங்க்கை 500 ஆக்குங்கள்: 2,000 துண்டு, துண்டுக்கு 100 மைக்ரோநொடி, கவுன்ட்டர் செலவு மொத்தமே 0.2 மில்லிநொடி. ஒரு துண்டு குறைந்தது சில பத்து மைக்ரோநொடி ஓட வேண்டும், த்ரெட்டுக்குக் குறைந்தது 10 துண்டாவது கிடைக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இரண்டாவது பிரச்சினை மெமரி. 2 சாக்கெட் நோடில் (2 செயலிச் சிப் கொண்ட கணினி), மெமரியின் ஒரு பக்கத்தை (பேஜ்) முதலில் எழுதும் த்ரெட் எந்தச் சாக்கெட்டில் இருக்கிறதோ அந்தச் சாக்கெட்டின் மெமரியில்தான் லினக்ஸ் அந்தப் பக்கத்தை வைக்கும். அணியைப் பூஜ்ஜியமாக்கும் லூப்பையும் கணக்கு லூப்பையும் ஒரே ஸ்டேட்டிக் பிரிவில் ஓட்டினால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதன் தரவு பக்கத்திலேயே இருக்கும். டைனமிக் இந்த உறவை உடைத்துவிடும். மெமரியை அதிகம் வாசிக்கும் லூப்பில், 10% சமமின்மையைச் சரிசெய்யப் போய் அதைவிட அதிகமாக இழக்கலாம். த்ரெட்கள் கோரைவிட்டுக் கோர் தாவாமல் இருக்கப் புராக் பைண்ட் என்ற சூழல் மாறியையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டேட்டிக்கிலும் இந்தப் பலன் நிற்காது.

பைத்தான் பூல்ல 1000 ஃபைல் ஓட்டறேன். 7 ப்ராசஸ் முடிஞ்சிடுது, ஒண்ணு மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கு. ஏன்?

மல்டிபுராசஸிங் பூலின் மேப், பட்டியலை ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை. நீளத்தைப் புராசஸ் எண்ணிக்கையின் 4 மடங்கால் வகுத்து, மேலே முழுமையாக்கி, அந்த அளவில் கட்டுக் கட்டாகக் கொடுக்கிறது. 1000 ஃபைல், 8 புராசஸ் என்றால் கட்டுக்கு 32. பட்டியல் அளவு வாரியாக அடுக்கியிருந்தாலோ, ஒரே நாளின் பெரிய ஃபைல்கள் பக்கம் பக்கமாக இருந்தாலோ, கனமான 32ம் ஒரே ஆளிடம் மாட்டும். ஒரு ஃபைல் ஒரு நொடிக்கு மேல் எடுக்கும் என்றால் சங்க்சைஸை 1 ஆக்கி, பெரியதை முதலில் அடுக்குங்கள். விடைகளின் வரிசை முக்கியமில்லை என்றால் ஐமேப்-அன்ஆர்டர்டு இன்னும் வசதி.

பெரிய வேலையை முதல்ல போடணும்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எவ்வளவு தூரம் சரி?

பெரும்பாலும் சரி. 4 கோர், 1 நிமிட வேலை 100, கூடவே 40 நிமிட வேலை ஒன்று. பெரியது கடைசியில் வந்தால் 25 நிமிடம் எல்லோரும் ஓடி, பிறகு ஒருவர் மட்டும் 40 நிமிடம்: 65. பெரியதை முதலில் எடுத்தால் 40 நிமிடத்தில் எல்லாம் முடியும். கோடில் ஒரு வரி மாற்றம்.

மிகச் சிறந்த விடை இதில் எப்போதும் கிடைக்காது. 3 கோருக்கு 5, 5, 4, 4, 3, 3, 3 என்று வேலைகள் இருந்தால், கையால் பிரித்து 9இல் முடிக்கலாம் (5+4, 5+4, 3+3+3). பெரியது முதலில் என்ற விதி 11இல்தான் முடிக்கும். இந்த விதி சிறந்த விடையின் மூன்றில் 4 பங்கைத் தாண்டாது என்று கிரஹாம் 1969இல் நிறுவினார். அது போதும். இதற்கு மேல் சரியான பிரிவைத் தேடுவதற்கு ஆகும் நேரத்தில் வேலையே முடிந்திருக்கும்.

ஒர்க் ஸ்டீலிங்னு ஒண்ணு சொல்றாங்க. டைனமிக்கும் அதுவும் ஒண்ணா?

இல்லை. டைனமிக்கில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கவுன்ட்டர், அங்கேதான் நெரிசல். ஒர்க் ஸ்டீலிங்கில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சொந்தமாக ஒரு வரிசை. தன் வேலையை ஒரு முனையிலிருந்து எடுத்துக்கொண்டே போகும். தன்னுடையது தீர்ந்தால் மட்டும் வேறொருவரைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்து, அவருடைய வரிசையின் மறுமுனையிலிருந்து ஒன்றைத் திருடும். மறுமுனையில் இருப்பது மிகப் பழைய வேலை. வேலையைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டே போகும் நிரலில் பழையதுதான் பெரியது. அதனால் ஒரு முறை திருடினால் வெகுநேரத்துக்குத் திரும்பி வர வேண்டியதில்லை.

எம்ஐடியில் 1990களில் சில்க் மொழியோடு இது வேரூன்றியது. இன்று இன்டெல் டிபிபி, ஜாவாவின் ஃபோர்க்-ஜாயின், கோ மொழியின் ஷெட்யூலர், ரஸ்டின் ரேயான் எல்லாமே இந்த வழிதான். மரம், கிராஃப், விரைவு வரிசையாக்கம் மாதிரி வேலையிலிருந்து வேலை முளைக்கும் இடங்களில் இதை எடுங்கள். தட்டையான லூப்புக்கு இது தேவையில்லை.

என் லேப்டாப்ல 16 கோர் இருக்கு. எல்லாச் சுற்றும் ஒரே அளவு வேலை. ஸ்டேட்டிக்தான் போட்டேன். 8 கோர்ல ஓட்டினாலும் 16ல ஓட்டினாலும் ஒரே நேரம்!

கோர்கள் ஒன்றல்ல. 2021இல் ஆல்டர் லேக் வந்ததிலிருந்து பல இன்டெல் சிப்களில் பி கோர் (வேகமானது), இ கோர் (மின்சாரம் சேமிப்பது) என்று இரண்டு வகை. உங்களுடையதில் வகைக்கு 8 இருந்து, இ கோரின் வேகம் பி கோரில் பாதி என்று வைப்போம். வேலையை 16 சம பங்காக்கினால் பி கோர்கள் சீக்கிரம் முடித்து நிற்கும், இ கோர் தன் பங்குக்கு இரு மடங்கு நேரம் எடுக்கும். கணக்குப் போட்டால் மொத்தம் 8 மடங்கு வேகம்தான், பி கோர்களை மட்டும் வைத்து ஓட்டியதற்குச் சமம். டைனமிக் போட்டால் 12 மடங்கு வரை போகலாம். எல்லாச் சுற்றும் சமம் என்றால் ஸ்டேட்டிக் என்று மேலே சொன்னது, எல்லாக் கோரும் சமமாக இருக்கும் சர்வருக்கு. சூடேறி வேகம் குறையும் மெல்லிய லேப்டாப்பிலும் இதே கதைதான்.

எம்பிஐ ப்ரொஃபைல்ல ஆல்ரெட்யூஸ்க்கு 40% நேரம் போகுது. நெட்வொர்க் ஸ்லோன்னு ஹெச்பிசி டீமுக்கு டிக்கெட் போடலாமா?

இப்போது போட வேண்டாம். ஆல்ரெட்யூஸ் (எல்லோருடைய விடையையும் சேர்த்து எல்லோருக்கும் தரும் எம்பிஐ அழைப்பு) என்ற பெயரில் பதிவாகும் நேரத்தில் பெரும்பகுதி, மெதுவான ரேங்க் (எம்பிஐ புராசஸ்) வந்து சேருவதற்காக மற்றவர்கள் காத்திருந்த நேரமாக இருக்கலாம். சோதிப்பது எளிது: ஆல்ரெட்யூஸுக்கு முன்னால் ஒரு பேரியர் வைத்து, இரண்டையும் தனித்தனியாக அளங்கள். நேரம் பேரியருக்குப் போய்விட்டால் குற்றவாளி சமமின்மை. ஆல்ரெட்யூஸிலேயே நின்றால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்கலாம். சோதனை முடிந்ததும் பேரியரை எடுத்துவிடுங்கள்.

சமமின்மைதான் என்றால் எந்த ரேங்க் பின்தங்குகிறது என்று பல ஓட்டங்களில் பாருங்கள். எப்போதும் அதே ரேங்க் என்றால், அதை வேறு நோடுக்கு மாற்றி ஓட்டுங்கள். தாமதம் ரேங்க்கோடு போனால் தரவுப் பிரிவில் கோளாறு. நோடோடு தங்கினால் அந்த நோடில் கோளாறு, அப்போது டிக்கெட் போடுங்கள், நோடின் பெயரோடு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ரேங்க் என்றால் அந்த நோடுகளில் வேறு யாருடைய வேலையாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்லர்மில் (கிளஸ்டரில் வேலைகளுக்கு நோடு ஒதுக்கும் நிரல்) எக்ஸ்க்ளூசிவ் (நோடு முழுதும் எனக்கே) கேட்டால் அந்தச் சந்தேகம் தீரும்.

மெட்டிஸ் வெச்சு மெஷ்ஷைப் பிரிச்சேன். செல் எண்ணிக்கை எல்லா ரேங்க்கிலும் சமம். அப்பவும் 30% சமமின்மை!

மெட்டிஸ் என்பது மெஷ்ஷை (சிறு செல்களாலான கணக்கு வலை) துண்டு போடும் நிரல், அதற்கு நீங்கள் சொன்னது மட்டும்தான் தெரியும். எடை கொடுக்காவிட்டால் எல்லாச் செல்லும் 1 என்று எடுத்துக்கொள்ளும். வேதிவினை நடக்கும் செல் வெறும் காற்றுச் செல்லைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கலாம். ஒரு சிறு ஓட்டத்தில் செல் வகைக்கு எவ்வளவு நேரம் என்று அளந்து, அதை முழு எண் எடையாக்கிக் கொடுங்கள். கே-வே முறையில் (ஒரேயடியாகப் பல துண்டாக்குவது) அது இயல்பாகவே 3% வரை சமமின்மையை அனுமதிக்கும். அதைக் குறைக்கச் சொன்னால் துண்டுகளின் எல்லை நீளும், தகவல் பரிமாற்றம் கூடும். அந்த 3%ஐத் துரத்துவது பெரும்பாலும் வீண்.

எடையும் கொடுத்தாச்சு. மொத்த வேலை 2 ரேங்க்குக்கும் 10 நொடி, 10 நொடி. ஆனா ஓட 16 நொடி ஆகுதே?

நடுவில் பேரியர் இருக்கிறது. உதாரணமாக, முதல் கட்டத்தில் ரேங்க் அ-வுக்கு 8 நொடி, ரேங்க் ஆ-வுக்கு 2. இரண்டாவதில் அ-வுக்கு 2, ஆ-வுக்கு 8. கூட்டினால் 10, 10. ஆனால் ஒவ்வொரு கட்டமும் 8 நொடி எடுக்கும். கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாகச் சமமாக வேண்டும். மெட்டிஸில் ஒரு செல்லுக்குப் பல எடைகள் கொடுக்க முடியும், கட்டத்துக்கு ஒன்று. இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் பேரியர் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள். பழைய கோடுகளில் பயத்தில் வைத்த பேரியர்கள் நிறைய.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே சுமை இடம் மாறுது. ஒவ்வொரு ஸ்டெப்பிலும் திரும்பப் பிரிக்கலாமா?

முதலில், மாற்றம் முன்கூட்டியே தெரிந்ததா என்று பாருங்கள். வானிலை மாதிரியில் சூரிய ஒளிக் கணக்கு பகல் இருக்கும் பக்கத்துக்கு மட்டும்தான். பகல் நகர்ந்துகொண்டே போகும். இதற்குத் திரும்பப் பிரிக்கவே வேண்டாம். பூமியின் எதிரெதிர்ப் பக்கத்துத் தீர்க்கரேகைகளை ஜோடி சேர்த்து ஒரே ரேங்க்குக்குக் கொடுத்துவிட்டால், ஒன்று பகலில் இருக்கும்போது மற்றது இரவில் இருக்கும்.

தெரியாத மாற்றம் என்றால் கணக்குப் போடுங்கள். ஸ்டெப்புக்குச் சராசரி 80 மில்லிநொடி, அதிகபட்சம் 100 என்றால் இழப்பு 20. தரவை இடம் மாற்ற 4 நொடி ஆகும் என்றால், மாற்றிய பிரிவு 200 ஸ்டெப்புக்கு மேல் தாக்குப்பிடித்தால்தான் லாபம். இழப்பைக் கூட்டிக்கொண்டே வந்து, அது மாற்றும் செலவைத் தாண்டும்போது மட்டும் மாற்றுவது நல்ல விதி. இதையெல்லாம் கையால் எழுத மனமில்லாதவர்களுக்குச் சார்ம்++ இருக்கிறது. கோருக்குப் பல சிறு துண்டுகளாக வேலையை உடைத்து, ஓடும்போதே அளந்து, துண்டுகளை நகர்த்தும். இதன் பின்னால் இருப்பவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லக்ஷ்மிகாந்த் காலே, 1979இல் ஐஐஎஸ்சியில் எம்.இ. முடித்தவர். மூலக்கூறு சிமுலேஷன் செய்பவர்கள் ஓட்டும் நேம்டி இதன் மேல்தான் நிற்கிறது.

ஜிபியுல ஹார்டுவேரே பார்த்துக்கும்தானே?

பிளாக்குகளை (த்ரெட் கூட்டங்களை) பகிர்வதை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஐஐஎஸ்சியின் பரம் பிரவேகா சூப்பர்கம்ப்யூட்டரில் (2022, 3.3 பெட்டாஃபிளாப்ஸ்) உள்ள வி100 ஜிபியுவில் 80 எஸ்எம் (பிளாக்குகளை ஓட்டும் அலகு). எஸ்எம்முக்கு ஒரு பிளாக் மட்டும் இடம் பிடிக்கும் அளவு பெரிய பிளாக் எழுதி, 81 பிளாக் அனுப்பினால், இரண்டாவது சுற்றில் 79 எஸ்எம் வேடிக்கை பார்க்கும். பிளாக்கைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

பிளாக்குக்கு உள்ளே நடப்பது உங்கள் பொறுப்பு. என்விடியாவில் 32 த்ரெட் ஒரு வார்ப், எல்லாம் ஒன்றாகவே நகரும். ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸில் (பெரும்பாலும் பூஜ்ஜியம் நிறைந்த அணி) த்ரெட்டுக்கு ஒரு வரிசை கொடுத்து, 31 வரிசையில் 10 எண்ணும் ஒன்றில் 1000 எண்ணும் இருந்தால், அந்த வார்ப் 1000 சுற்றும் ஓடும். பயனுள்ள வேலை 4% மட்டுமே. நீள வாரியாக வரிசைகளைப் பிரித்து, நீளமானவற்றுக்கு முழு வார்ப்பையே கொடுங்கள்.

எல்லாம் பண்ணியாச்சு, சமமின்மை 2%தான். 24 கோர்ல 9 மடங்குக்கு மேல ஏறவே மாட்டேங்குது.

அப்படியானால் இது சுமைப் பிரச்சினையே இல்லை. பெரும்பாலும் மெமரி. இன்டெலின் கேஸ்கேட் லேக் சாக்கெட்டில் மெமரிக்கு 6 சேனல், டிடிஆர்4-2933 என்றால் ஏட்டளவில் நொடிக்கு 140 ஜிபி. வெறும் அணிக் கூட்டல் போன்ற லூப்பில் பாதிக் கோர்களிலேயே அது நிரம்பிவிடும். மிச்சக் கோர்களும் சமமாகவே காத்திருப்பதால் சமமின்மை அழகாக 2% காட்டும். கோர் எண்ணிக்கையைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். 12இலும் அதே நேரம் என்றால் உறுதி. மெமரி இல்லை என்றால் வரிசையாக ஓடும் பகுதியைத் தேடுங்கள். நிரலில் 5% வரிசையாக ஓடினாலே, அம்தாலின் கணக்குப்படி 48 கோரில் 14 மடங்கு, எத்தனை கோர் போட்டாலும் 20ஐத் தாண்டாது.

டைனமிக் போட்டதுலேருந்து ஒவ்வொரு தடவையும் விடையோட கடைசி இலக்கங்கள் மாறுது. பக் இருக்கா?

இருக்கலாம், ஆனால் முதலில் கூட்டல் வரிசையைச் சந்தேகியுங்கள். மிதவைப் புள்ளி எண்களில் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும். டைனமிக்கில் எந்தச் சுற்று எந்த த்ரெட்டுக்குப் போகும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு. டபுளில் 12ஆவது இலக்கத்துக்கு அப்பால் ஆடினால் இயல்பு. 5ஆவது, 6ஆவது இலக்கத்திலேயே ஆடினால், பொது மாறியில் பாதுகாப்பில்லாமல் எழுதும் இடம் எங்கோ இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே த்ரெட்டில் ஓட்டி ஒப்பிடுங்கள், த்ரெட் சானிடைசரிலும் (இத்தகைய மோதலைக் கண்டுபிடிக்கும் கருவி) ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

சோதனைக்காக விடை அச்சு அசலாக அப்படியே வர வேண்டும் என்றால், ஒவ்வொரு சங்க்கின் கூட்டலையும் சங்க் எண்ணின் கீழ் ஓர் அணியில் வைத்து, லூப் முடிந்த பிறகு ஒரே த்ரெட்டில் வரிசையாகக் கூட்டுங்கள். சுமை டைனமிக்காகவே பிரியும், கூட்டும் வரிசை மட்டும் மாறாது.